துட்டிக்கு வந்த ஆள்

காலனி, நாரணாபுரம் பக்கம்
மே 12, திங்கள்

அத்தானுக்கு,

தோத்திரம் எல்லாம் சொல்லித் தொடங்கினால் சங்கத்துக்கு மாத அறிக்கை எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில் நான் பேசப் பேச நீங்கள் நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிடாத மனிதர் இப்படித் தட்டுவது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அழுதேன். என்னுடைய பட்டன் போனில் எழுத்து அடித்து அனுப்ப எனக்கு வராது. நான் பேசி நீங்கள் தட்டினால் நமக்குள் ஒரு சண்டைகூட ஒழுங்காக நடக்காது. அதனால் கடிதம் எழுதுவோம். உங்கள் தம்பி வீட்டில் தபால் ஒழுங்காக வரும்தானே.

தையல் எப்படி இருக்கிறது? கழுத்தில் துண்டு போட்டு மறைக்காதீர்கள், காற்றுப் பட வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தைராய்டு கட்டியை எடுத்துவிட்டார்கள், அது கெட்ட கட்டி இல்லை, அந்த மட்டில் தப்பித்தோம். குரல் மெதுவாக வரும். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றால் கூடாதுதான். தூக்கத்தில் பிரசங்கம் பண்ணுவீர்களே, அதற்கு உங்கள் தம்பி என்ன செய்கிறார்?

சனிக்கிழமை நம் மிஷன் சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். காப்பி குடித்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேச முடியாத ஊழியரை வைத்து ஊழியம் எப்படிம்மா நடத்துறது? ஜூன் கடைசியில வருவேன். அதுவரைக்கும் ஒரு ஞாயிறுகூட நிற்காம ஆராதனை நடந்திருந்தா கமிட்டியில பேசலாம். நின்னுச்சுன்னா இந்த மிஷன் ஸ்டேஷனை மூடிட்டு உங்க ரெண்டு பேரையும் ஆபீசுக்கு மாத்திருவோம். அண்ணன் ரசீது எழுதலாம், நீங்க தபால் ஒட்டலாம்."

பன்னிரண்டு வருஷம் இந்தத் தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து அம்மாமார் இறங்கும் வரைக்கும் அதுகள் என்னோடுதான் இருக்கின்றன. நான் தபால் ஒட்டப் போக மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். போன வருஷம் என் கர்ப்பப்பையை எடுத்தபோது நீங்கள் தண்ணீர்க் குடம் தூக்கினீர்கள். இப்போது எதிர்வீட்டு முருகம்மாள் தூக்கித் தருகிறாள். "வயித்த கிழிச்ச பொம்பள குடம் தூக்கலாமா"ன்னு திட்டிக்கொண்டேதான் தூக்குகிறாள்.

லீதியாள்

*

பாளையங்கோட்டை
மே 16

அன்புள்ள லீதியாளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். செயலாளர் சொன்னதைக் கேட்டு நான் சோர்ந்துபோகவில்லை. இது நமக்கு ஒரு சோதனை. சோதனைக்கு ஓர் ஒழுங்கான பதில் வேண்டும். நான் யோசித்து வைத்திருக்கிறேன்.

பீரோவில் என் அங்கிக்கு அடியில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. ஏழெட்டு வருஷத்துப் பிரசங்கங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஞாயிற்றின் பெயரைப் போட்டிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் பாடும். பாட்டும் ஜெபமும் நீ நடத்து. பிரசங்க நேரத்தில் அதைப் போடு. செயலாளருக்கு ஆராதனை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நிற்காது.

குழாய் ஸ்பீக்கரையும் போடு. கொட்டகைக்கு வராதவர்கள் வீட்டிலிருந்து கேட்பார்கள். எத்தனை பேர் நம்மிடம் நேரில் வராமல் தூரத்திலிருந்து கேட்டே மனம் திரும்பியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கம்பத்தில் குழாய் சரிந்திருந்தால் முருகம்மாள் வீட்டுக்காரர் நாகையாவைக் கூப்பிடு. அவர்தானே ஏறிக் கட்டினார்.

இங்கே தம்பி மனைவி மூன்று வேளையும் கஞ்சி தருகிறாள். விழுங்கும்போது வலி குறைந்திருக்கிறது. குரல் பற்றி அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். நான் தூக்கத்தில் பேசுவதில்லை என்று தம்பி சாட்சி சொல்கிறான்.

நாம் அந்த இடத்தை விடப்போவதில்லை. தைரியமாக இரு. குடம் தூக்காதே.

ஞானதுரை

*

காலனி
மே 26

அத்தானுக்கு,

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. பென்டிரைவ் பாடுகிறது. நீங்கள் பாளையங்கோட்டையில் கஞ்சி குடிக்க, உங்கள் குரல் இங்கே கம்பத்தின் மேல் நின்று முழங்குகிறது. நாகையா அண்ணன் பல் விளக்கிக்கொண்டே வந்து கேட்டார்: "என்ன டீச்சரம்மா, ஐயா சத்தம் வந்துருச்சு, ஐயாவக் காணோம்?" நான் விளக்கிச் சொன்னேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு, "அப்ப சண்ட போடவும் ஆள் இல்ல, நிப்பாட்டவும் ஆள் இல்லன்னு சொல்லுங்க" என்றார். ஒலியைக் குறைக்கச் சொல்லி வாரம் தவறாமல் உங்களிடம் வந்து நிற்பவர் அவர்தானே.

எனக்கு இது பிடிக்கவில்லை அத்தான். உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வசனம் ஒன்றை வாசித்துவிட்டு அவரவர் வாரத்தைப் பேசச் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறு நாள் மருந்தோடும் திரியோடும் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும்.

இன்னொன்று. முருகம்மாள் வீட்டில் போன வாரம் ஒன்று பார்த்தேன். அவள் மகள் எழில், காலையில் "அம்மா, அடுப்பப் பத்த வைக்கவா?" என்று கேட்டுவிட்டாள். முருகம்மாள் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். நாகையா அண்ணன் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அந்த வீட்டில் பத்த வை, எரி, நெருப்பு என்று ஒரு சொல் வரக் கூடாதாம். "அடுப்ப கூட்டு" என்றுதான் சொல்ல வேண்டுமாம். மருந்து கலக்கும் அறைக்குப் போகிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் காத்து வருகிறாளாம். எதிர்வீட்டில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அடுத்த ஞாயிறு பென்டிரைவ் இல்லாமல் நானே நடத்தட்டுமா? யோசித்துச் சொல்லுங்கள்.

லீதியாள்

*

பாளையங்கோட்டை
மே 30

லீதியாளுக்கு,

யோசித்தேன். வேண்டாம்.

உன்னால் முடியாது என்று நான் சொல்லவில்லை. செயலாளரிடம் யாராவது போய், அங்கே பிரசங்கம் கிடையாது, பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று சொன்னால் அன்றைக்கே பூட்டிவிடுவார். எட்டுப் பேர் பெட்டியைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெட்டிக்குள் இருப்பது உன் புருஷன்.

மனம் சரியில்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நேற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவில்லையாம். நரம்பு அடிபட்டிருக்கலாம், சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இப்போது எனக்கு இருக்கிற குரல் அந்தப் பென்டிரைவில் இருப்பது மட்டும்தான். அதையும் நீ நிறுத்தச் சொல்கிறாய்.

வருகிற எட்டாம் தேதி பெந்தெகொஸ்தே ஞாயிறு, பரிசுத்த ஆவி இறங்கின நாள். அதற்குரிய பிரசங்கம் என் பிரசங்கங்களிலேயே சிறந்தது. சாத்தூர் கன்வென்ஷன் கூட்டத்தில் பேசியபோது ஜனம் எழுந்து நின்றது. அதைப் போடு. ஒலியை முழுதாக வை.

நாகையா வீட்டு அடுப்பு விஷயம் எனக்கும் தெரியாது.

ஞானதுரை

*

காலனி
ஜூன் 9, திங்கள்

அத்தானுக்கு,

போனில் பாதி சொன்னேன், மீதியைச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதுகிறேன்.

நாகையா அண்ணன் வெள்ளிக்கிழமை காலை கம்பெனியில் மருந்து வெடித்து இறந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் துணி சுற்றிக் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். முகத்தைத் திறக்கவில்லை. முருகம்மாளுக்குப் பாதத்தை மட்டும் காட்டினார்கள்.

சனிக்கிழமை ராத்திரி உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாளைக்கு ஆராதனையை நிறுத்திவிடவா?" நீங்கள் இரண்டு தடவை தட்டினீர்கள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இரண்டு தட்டு.

நிற்கக் கூடாது என்று நானும்தான் நினைத்தேன். அந்தச் செயலாளர் என் மண்டையிலும் உட்கார்ந்திருந்தார். விடியும்வரை எதிரே துட்டி வீட்டில், செத்தவர் பக்கத்தில் இருந்துவிட்டு வந்து குளித்தேன். அங்கே அடுப்பு மூட்ட மாட்டார்கள், நாம்தான் கடுங்காப்பி போட்டுக் கொண்டுபோக வேண்டும். கொட்டகையில் நாலு பேர் வந்திருந்தார்கள். பாடினோம், ஜெபித்தோம். பெந்தெகொஸ்தே என்று பெயர் போட்டிருந்ததைப் போட்டுவிட்டு, காப்பித் தூக்கை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டேன். ஒலியைக் குறைக்கவில்லை. கை தானாகவே வழக்கமான இடத்தில் வைத்தது.

முருகம்மாள் பக்கத்தில் குனிந்து தம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது. அப்போது கம்பத்திலிருந்து உங்கள் குரல் வருகிறது. அக்கினியை அனுப்பும் ஆண்டவரே. இந்தத் தெரு பற்றியெரியட்டும். ஒவ்வொரு வீடும் பற்றியெரியட்டும். பிறகு அந்தக் கன்வென்ஷன் ஜனம் கை தட்டுகிற சத்தம்.

என் கையிலிருந்து தூக்கு விழுந்தது. காப்பி தரையெல்லாம் ஓடியது.

முருகம்மாள் எழுந்தாள். யாரும் பிடிப்பதற்குள் தெருவைக் கடந்து போனாள். கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, மனிதரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "இன்னும் எரியணுமாய்யா?"

அவள் தம்பி செழியன் வந்து வயரை அறுத்தான். கொட்டகையின் மேல் கல் விழுந்தது. நம் எட்டுப் பேரில் ஒருவரும் இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் அண்ணனை எடுத்தார்கள். நான் வாசலில் நின்றேன், கிட்டப் போக எனக்கு முகம் இல்லை.

சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் சங்கையா வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீச்சரம்மா, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. வேணும்னு செய்யலன்னு தெரியும். ஆனா எடம் என் எடம். தெருவுக்கு நான் பதில் சொல்லணும். மாசக் கடைசிக்குள்ள வீட்டையும் கொட்டகையையும் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.

அடுப்பைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். எழுதிய கையால்தான் அதைப் போட்டேன். உங்கள் மேல் எவ்வளவு கோபம் என்று எனக்கே தெரியவில்லை. என் மேலும்.

லீதியாள்

*

பாளையங்கோட்டை
ஜூன் 12

லீதியாள்,

முதலில் உன்னைக் குற்றம் சொல்லி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: நீ அதை ஒருமுறை போட்டுக் கேட்டிருக்கலாம். எழுதாமல் விட்டால் அது எனக்குள்ளேயே கிடந்து புளிக்கும். எழுதிவிட்டேன், முடிந்தது.

மற்றதெல்லாம் என்னுடையது. அந்தப் பிரசங்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாகையா எப்படிச் செத்தார் என்றும் தெரியும். அவர் செத்த மறுநாள், இரண்டையும் தெரிந்துகொண்டுதான் தட்டினேன். அந்த நேரத்தில் எனக்குச் செயலாளரின் கணக்கு ஒன்றுதான் தெரிந்தது.

என் போனிலும் அந்தப் பிரசங்கம் இருக்கிறது. நேற்று மொட்டை மாடிக்குப் போய் முழுவதையும் கேட்டேன். நல்ல குரல். அதுதான் என்னை வாட்டுகிறது. பட்டாசுத் தெருவில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்துவிட்டு, அக்கினி அக்கினி என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கம்பத்தில் ஏறிக் குழாயைக் கட்டித் தந்த மனிதர், அதைக் கீழே நின்று கேட்டுவிட்டு மறுநாள் மருந்து அறைக்குப் போயிருக்கிறார். ஒலியைக் குறையுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் வருகிறேன். தூசி ஆகாது, கந்தக வாடை ஆகாது, மூன்று மாதம் அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறார் டாக்டர். தம்பி கதவில் நின்று மறிக்கிறான். போனில் நீயும் மறிப்பாய், நான் இரண்டு தட்டுத் தட்டுவேன். முருகம்மாள் முன்னால் போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட வாயில்லை. எழுதி நீட்டலாம் என்று ஒரு தாளில் எழுதினேன், அதுவும் பிரசங்கம் மாதிரியே இருந்தது. தாள் இல்லாமலே வருகிறேன்.

ஞானதுரை

*

காலனி
ஜூன் 17

அத்தானுக்கு,

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். துட்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும், சரி. அதற்காக எதிர்வீட்டில் இருக்கிற பெண்டாட்டியிடமும் சொல்லாமல் பஸ் ஏறுவதா? பொழுதடைந்ததும் உங்களுக்கு ரசம் வைத்து இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தால் பெஞ்சு காலியாக இருக்கிறது. ரசத்தை நானே குடித்தேன்.

நீங்கள் தலையைக் குனிந்தே இருந்ததால் பாதியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் வந்து முருகம்மாள் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்ததும் செழியன் உள்ளேயிருந்து வந்தான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீரு?" என்று உங்கள் முன்னால் நின்று கத்தினான். நான் நம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. கும்பிடவும் இல்லை. கழுத்துத் துண்டு நழுவித் தையல் தழும்பு தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து முருகம்மாள் குரல் வந்தது: "ஏலே, உக்காரட்டும்லே. துட்டிக்கு வந்த ஆள எந்திரிக்கச் சொல்லக் கூடாது."

அப்புறம் வெயில் ஏற ஏற ஒருத்தரும் உங்களோடு பேசவில்லை. தண்ணீர்கூடத் தரவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் சுந்தரபாண்டி அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாகையா அண்ணனோடு அதே கலவை அறையில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு வெற்றிலை போட வெளியே போனதால் பிழைத்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பேசுவதையும், பேசப் பேச அழுவதையும், நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் இங்கிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு ஒருவர் வந்தார். பிறகு சொர்ணலட்சுமி அக்கா. எழில்கூட வந்து உங்களுக்கு முன்னால் குத்தவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று சுந்தரபாண்டி அண்ணனிடம் கேட்டேன், ஐயாவிடம் அப்படி என்ன பேசினீர்கள் என்று. "பொண்டாட்டிகிட்ட சொல்லாததத்தான் சொன்னேன். ஐயாகிட்ட முந்தி ஒரு வார்த்த சொன்னா ஒம்போது வார்த்த திரும்பி வரும். அன்னைக்கு ஒண்ணும் வரல. மனசு கொஞ்சம் எறங்குச்சு" என்றார். உங்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். தைத்தாலும் எழுதத்தான் வேண்டும் என்று எழுதினேன். நீங்கள் ஒரு வரி எழுதியதற்கு என் பங்கு இது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். சங்கையா சொன்ன கெடு அப்படியே நிற்கிறது. செயலாளருக்கு என்ன சொல்வது?

லீதியாள்

*

பாளையங்கோட்டை
ஜூன் 21

லீதியாளுக்கு,

சொல்லாமல் வந்தது தப்பு. உன் முகத்தைப் பார்த்தால் அங்கேயே தங்கிவிடுவேன் என்று பயந்து பஸ் ஏறினேன். ரசம் வைத்திருந்தாய் என்று தெரிந்திருந்தால் பயத்தை ஒதுக்கிவிட்டு வந்திருப்பேன்.

பஸ்ஸில் ஒரு கூத்து. சாத்தூர் என்று தாளில் எழுதிக் காட்டியதும் கண்டக்டர் எனக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டிவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி என் காதருகே கத்தி டிக்கெட் கொடுத்தார். பேசாதவனிடம் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள். நம் தெரு மட்டும் என்னிடம் மெதுவாகப் பேசியது.

சுந்தரபாண்டி சொன்னது தைத்தது. ஒரு நாள் முழுக்கத் தைத்தது. பிறகு, உண்மைதானே என்று ஆகிவிட்டது. அவர் என்னிடம் சொன்னதை உனக்கும் எழுத மாட்டேன். வெற்றிலைக்கு அவர் போகவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள், ஊரார் பேசினால் மறுத்துச் சொல்.

டாக்டரைப் பார்த்தேன். அந்த நாண் இனி அசையாது என்று நினைக்கிறார். வாயைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். திறந்தேன். காற்றுதான் வந்தது, அதற்குள் கொஞ்சம் சத்தம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. இன்னொரு ஆப்பரேஷன் செய்தால் கொஞ்சம் தேறலாமாம். பிறகு பார்க்கலாம் என்று எழுதிக் காட்டிவிட்டேன். முதலில் ஊருக்குப் போக வேண்டும்.

செயலாளருக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே அலுவலகத்துக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரசங்கம், கம்பம், முருகம்மாள் கேட்ட கேள்வி எல்லாம். ஆராதனை நின்றது என்றும் எழுதினேன். வாசித்துவிட்டு, "அப்ப முடிஞ்சுது அண்ணே" என்றார். முடியவில்லை என்று தலையாட்டினேன். கமிட்டி மூடினால் மூடட்டும். நான் மிஷனை விட்டு விலகிவிட்டு அதே தெருவுக்கு வருவேன். சங்கையா வீடு போனால் வேறு வீடு பார், ஓட்டு வீடானாலும் சரி, கம்பம் இல்லாத வீடாக இருக்கட்டும். எனக்கு இனி வேறு ஊர் கிடையாது.

ஞானதுரை

*

காலனி
ஜூன் 30, திங்கள்

அத்தானுக்கு,

நேற்று செயலாளர் வந்தார். நேற்றே சங்கையாவும் சாவி வாங்க வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன், மேலத் தெருவில் ஓர் அறை பார்த்தாகிவிட்டது.

கொட்டகையில் ஐந்து பேர் இருந்தோம். வசனம் வாசித்து முடித்திருந்தேன். கற்பகம், கை வெந்து வீட்டில் இருக்கிற தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். செயலாளர் பின்னால் உட்கார்ந்தார். பிரசங்கம் வரும் வரும் என்று பார்த்தார். வரவில்லை. எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துவிட்டு, ஸ்டேஷனை மூடுகிறோம், இந்தக் குடும்பத்தை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஆரம்பித்தார்.

அப்போது முருகம்மாள் வந்தாள். பதினாறு கழித்து அவள் வீட்டை விட்டு வெளியே வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

"யாரக் கூட்டிட்டுப் போறீக?" என்று கேட்டாள்.

"ஞானதுரை ஐயாவைம்மா. அவரால இனிமேல் பேச முடியாது. இங்க இருந்து என்ன செய்வார்?"

"நான் ஒங்க சாமிக்கு வரல. இனிமேயும் வரமாட்டேன், அத மொதல்ல சொல்லிருதேன். அன்னைக்கு அந்தக் கொளாய்ல கேட்டதுக்கு எம் மனசு இன்னும் ஆறல. அவுகளும் ஆறச் சொல்லல. வந்து பச்சத் தண்ணி பல்லுல படாம பொழுதடைய உக்காந்திருந்தாக. கம்பெனிக்காரன் வரல. ஓட்டுக் கேட்டவன் வரல. எங்க துட்டிக்கு வந்து உக்காந்த ஆள நீங்க எங்கன கூட்டிட்டுப் போறீக?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஏதும் சொல்லவில்லை. உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று வையுங்கள். அவர் சங்கையாவைப் பார்த்து, "நீங்கதான் காலி பண்ணச் சொல்லியாச்சே ஐயா" என்றார்.

சங்கையா முருகம்மாளைப் பார்த்தார். "தெருவுக்குப் பதில் சொல்லணும்னுதான் கேட்டேன். தெருவே வந்து நின்னு பேசுது. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கொளாய் இனிமே ஒங்களுக்கு வேணுமா டீச்சரம்மா? காட்டுல மக்காச்சோளத்தப் பன்னி வந்து அளிக்கிது. ராத்திரி சத்தம் குடுத்தா அண்டாது" என்றார். கொடுத்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துத்தான். பென்டிரைவ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பன்றிகள் கன்வென்ஷனுக்கு எழுந்து நின்றிருக்கும்.

செயலாளர் போகும்போது, கமிட்டியில் ஒரு வருஷம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு முருகம்மாள் குடத்தை எடுத்தாள். குழாயடியில் பிடித்துக்கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்தாள். பழைய மாதிரி திட்டவில்லை. "கம்பெனியத் தெறந்துட்டான். சுந்தரபாண்டி அண்ணன் நாளைக்கு மறுபடி அந்த ரூமுக்குத்தான் போறாக. கை நடுங்குதாம். ஐயா எப்ப வாராகன்னு கேக்காக" என்றாள்.

அவருக்குக் குரல் வரவில்லை, வந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று சொன்னேன்.

"பக்கத்துலதான உக்காருவாக" என்றாள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வியாழக்கிழமை கிடைத்துவிடும். அன்று சாயங்காலம் கூப்பிட்டு, வருகிறீர்களா என்று கேட்பேன். வாயைத் திறந்து சிரமப்பட வேண்டாம். ஒரு தட்டு போதும்.

லீதியாள்